வெளங்குச்சுங்கய்யா

அரிசி டின்னுக்கு மேல் பிரஷர் குக்கர், குக்கருக்கு மேல் பழைய புத்தகங்கள், அதற்கும் மேல் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன். இவ்வளவு உயரம் இருந்தால்தான் ஜீவராணியின் முகம் நேராகத் தெரிந்தது. கீழே வைத்து எடுத்தால் மூக்குத் துவாரம்தான் முதலில் வந்து நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிற விரிவுரையாளர் அம்மணி, பெல்மதுளைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அம்மாவின் வீட்டு முன்னறையில், கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையும் காலில் பாத்ரூம் செருப்புமாக நின்றுகொண்டிருந்தாள். கமரா கால் வரைக்கும் போகாது அல்லவா, அந்தத் தைரியம்.

"அம்மா, அஞ்சே நிமிஷம். குசினியில சத்தம் வரக் கூடாது."

"நா என்னா சத்தம் போடுறேன்?" என்றாள் வெள்ளையம்மா உள்ளேயிருந்து. "மூச்சு விடலாமா? இல்ல அதையும் அஞ்சு நிமிஷம் நிப்பாட்டி வைக்கவா?"

"மூச்சு மட்டும் விடு."

அதற்குள் பக்கத்து வீட்டு ரேடியோ தொடங்கியது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தால் நாய் குரைத்தது. நாய் ஓய்ந்தால் கோழி. லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. அமைதி வேண்டுமென்றால் எல்லா வீட்டுக்காரரிடமும் போய்க் கெஞ்ச வேண்டும். பல்கலைக்கழக அறையிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் அங்கே கூட இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் ஜீவராணிக்கு வாயே வராது. பொய் சொல்வதற்கு ஆள் இல்லாத இடம் வேண்டும். ஆமாம், அவள் அன்றைக்கு ஒரு பொய் சொல்லப் போகிறாள்.

சங்கதி இதுதான். புதிதாக வேலைக்கு வந்த விரிவுரையாளர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்து, எல்லாரும் கொட்டாவி விடுகிற வரைக்கும் பேசுவார்கள். இப்போது குட்டிக் குட்டி வீடியோக்கள். எப்படிப் படிப்பிப்பது என்று, படிப்பிக்கிறவர்களுக்கே படிப்பிக்கிற வீடியோக்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம், காசு கிடையாது. எந்த நாட்டு வாத்தியாரும் எடுக்கலாம், வெட்டலாம், தன் பாஷையில் மாற்றிக்கொள்ளலாம். பார்த்ததில் ஒன்றைத் தன் வகுப்பில் செய்துபார்த்து, என்ன நடந்தது என்று அவரவரும் ஒரு ஐந்து நிமிஷ வீடியோ எடுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

"பல்லு வைத்தியருக்கே பல்லுப் புடுங்கப் போறாங்க, ஜீவா" என்று சிரித்தாள் ஸாஹிரா. இரத்தினபுரிக்காரி, பக்கத்து மேசை விரிவுரையாளர், பெண்பிள்ளைகள் விடுதிக்கும் பொறுப்பானவள். சிரித்தாளே தவிர, எல்லா வீடியோவையும் பார்த்து முடித்து முதலாவதாக அனுப்பியவளும் அவள்தான்.

ஜீவராணி எடுத்துக்கொண்ட வீடியோவில் நரைத்த தலை அம்மையார் ஒருத்தி, "'விளங்கியதா?' என்று கேட்காதீர்கள். ஒரு நல்ல கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்" என்றாள். சொல்லிவிட்டு, அதைச் செய்தும் காட்டினாள். அதை பஸ்ஸில் பார்த்துக்கொண்டிருந்த ஜீவராணி, சிக்னல் போய்விட்டதாக்கும் என்று போனை உதறினாள். அப்புறம்தான் அம்மையார் கண் சிமிட்டுவது தெரிந்தது. சும்மா நிற்கிறாள். காத்திருக்கிறாளாம்!

இவளும் செய்துபார்த்தாள். செய்யாமல் என்ன, அவளுக்கு அது விளையாட்டு இல்லை. போன பரீட்சையில் தமிழில் படிக்கிற அவளுடைய பிள்ளைகளின் வகுப்பில் பாதிக்கு மேல் கோட்டை விட்டிருந்தது. அத்தனை பேரும் கிழமை தவறாமல் "விளங்குது மிஸ், விளங்குது மிஸ்" என்று தலையாட்டிய பிள்ளைகள். அதிலும் டிலுக்ஷி என்கிற பிள்ளை, கரவனெல்லப் பக்கத்து இறப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள், எல்லாருக்கும் முந்திச் சத்தமாக "விளங்குது மிஸ்" சொல்கிறவள், தன் பரீட்சைச் சுட்டெண்ணை மட்டும் எழுதிவிட்டுத் தாளை வெள்ளையாகக் கொடுத்திருந்தாள். அந்தத் தாளைத் திருத்தும்போது ஜீவராணிக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்திலிருந்து கெம்பசுக்கு வந்து, புரியாததைப் புரிந்தது என்று சொல்லி, ராத்திரியில் கட்டிலில் படுத்து அழுத பிள்ளையாக அவளும் இருந்தவள்தான்.

"அந்தப் புள்ள மாசம் முடிஞ்சா போகுதாம்" என்று ஸாஹிரா போன கிழமை சொன்னாள். "கட்டுநாயக்கவில கார்மன்டுக்கு உடுப்புத் தைக்கப் போறேங்குது. நான் எவ்வளவோ சொன்னேன். ரிபீட் எக்ஸாமும் ஃபெயில் ஆகி வெக்கப்படுறத விட இப்பவே போறது நல்லமாம். உங்கட பாடத்துக்குத்தான் ஜீவா பயப்படுது."

உங்கட பாடத்துக்கு. அந்த வார்த்தை ஜீவராணியை விடவில்லை.

அதனால்தான் வீடியோ சொன்னபடி நல்ல கேள்வியாக ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டு போனாள். "ஒரு வகுப்பின் சராசரிப் புள்ளி ஐம்பது என்றால், சரியாக ஐம்பது வாங்கிய பிள்ளை ஒன்றாவது அந்த வகுப்பில் இருக்க வேண்டுமா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். மின்விசிறி சுற்றியது. பிள்ளைகள் மேசையைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் டிலுக்ஷி எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, "விளங்குது மிஸ்" என்றாள். உடனே முழு வகுப்பும் "விளங்குது மிஸ்" என்றது.

கேட்டது என்ன, வந்த பதில் என்ன! ஜீவராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நரைத்த தலை அம்மையாரின் பிள்ளைகள் வேறே, நம் பிள்ளைகள் வேறே என்று முடிவு கட்டினாள். ஆனாலும் பயிற்சியை முடித்தால்தான் வேலை நிரந்தரம். அதனால், "நான் காத்திருந்தேன், மாணவர்கள் மலர்ந்தார்கள், வகுப்பே மாறிவிட்டது" என்று ஐந்து நிமிஷம் அளந்து விட்டுவிடுவது என்று சனிக்கிழமை தோட்டத்துக்கு வந்துவிட்டாள். அதற்குத்தான் இந்த அரிசி டின்னும் குக்கரும்.

கோழி ஓய்ந்தது. ஜீவராணி போனைத் தட்டிவிட்டு, தொண்டையைச் செருமி, தன்னுடைய விரிவுரைக் குரலை எடுத்தாள்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவள் பிறந்த குரல் இல்லை. வேலை கிடைத்த புதிதில், பேச்சில் லயத்து வாடை அடித்தால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்து, கண்ணாடி முன் நின்று செய்துகொண்ட குரல். நெஞ்சு நிமிர்ந்து, ஒவ்வொரு வார்த்தையையும் ஆணி அடிப்பதுபோல இறக்கும். வீட்டுக்கு வந்தால் அதைக் கழற்றி வைத்துவிடுவாள். அதனால் வெள்ளையம்மா அதுவரை அதைக் கேட்டதே இல்லை.

"வணக்கம். கேள்வி கேட்டபின் காத்திருத்தல் பற்றி இன்று பேசுகிறேன். நாம் நீண்ட நேரம் விளக்குகிறோம். பின்பு மாணவர்களைப் பார்த்துக் கேட்கிறோம்: என்ன, எல்லாருக்கும் விளங்கிச்சா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்று நிறுத்தினாள்.

"வெளங்குச்சுங்கய்யா."

குசினியிலிருந்து. தெளிவாக, பணிவாக, பட்டென்று.

ஜீவராணி திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். கையில் கீரைக் கட்டு. தோளில் கிடந்த துண்டைத் தன்னை அறியாமல் கையில் எடுத்துப் பிடித்திருந்தாள். ஜீவராணி வெடித்துச் சிரித்தாள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள், சிரித்த சிரிப்பில் சீனிப் போத்தல் ஆடிப் போன் சரிந்தது.

"யாரும்மா அந்த ஐயா? என்னையா ஐயாங்கிற?"

"அட போ! நா எங்க சொன்னேன்? வாய் தன்னால சொல்லிருச்சு." வெள்ளையம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பெரட்டுல நிக்கிற மாதிரியே இருந்துச்சு ராணி. விடியக் காலையில வரிசையா நிப்போமில்ல, தோட்டத்து மாத்தயா வந்து பாதி சிங்களத்துல பாதி தமிழ்ல சொல்லுவாரு, இன்னைக்கு எந்த மலை, எந்தப் பக்கம் கொழுந்து, எந்தப் பக்கம் மருந்தடிச்சிருக்குன்னு. சொல்லிட்டு 'தேருணாத? வெளங்குச்சா?'ன்னு ஒரு சத்தம் போடுவாரு. பூராப் பேரும் வெளங்குச்சுங்கய்யான்னுட்டுப் போவோம்."

"வெளங்காட்டி?"

"வெளங்காட்டியும் அதேதான். வெளங்கலன்னு ஒருத்தி சொன்னான்னு வையி, அன்னைக்குப் பூரா அவளத்தான் பேசுவானுங்க. மண்டையில ஒன்னுமில்லம்பானுங்க. யாருக்கு வேணும் அந்தக் கூத்து?"

"அப்புறம் எப்படி வேல செய்வீங்க?"

"முன்னால போறவளப் பார்த்துத்தான். அவளுக்கும் வெளங்கியிருக்காது." சொல்லும்போதே வெள்ளையம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு தடவ அப்படித்தான், மாத்தயா சொன்னது மேல் மலை, நாங்க பூராப் பேரும் ஒருத்தி பின்னால ஒருத்தி போயி, கீழ் மலையில கூடை நெறையக் கொழுந்து எடுத்துட்டு நிக்கிறோம்! ஆத்தாடி, அன்னைக்கு வாங்குன ஏச்சு!"

ஜீவராணியும் சிரித்தாள். ஆனால் அம்மா அடுத்துச் சொன்னதில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். மகளை மேலும் கீழும் பார்த்து, கண் நிறைய மகிழ்ந்து சொன்னாள்.

"ஆனா என்னா பேச்சு! அசல் பெரிய மாத்தயா மாதிரியே இருக்குது!"

அம்மா கீரையோடு உள்ளே போய்விட்டாள். ஜீவராணி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணச் சேலை கசங்கினால் கசங்கட்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குரலுக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மா. அந்தக் குரலுக்குத் தன் பிள்ளை பதில் சொல்லக் கூடாது என்றுதான் கொழுந்துக் கூடையைச் சுமந்து படிக்க வைத்தாள். பிள்ளை என்ன செய்தது? படித்துப் பட்டம் வாங்கி, கண்ணாடி முன் நின்று பழகி, அதே குரலைத் தேடி எடுத்துத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. டிலுக்ஷி ஏன் எழுந்து நின்று "விளங்குது மிஸ்" என்றாள் என்று இப்போது கேட்கவே வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவும் பெரட்டில் நிற்கிறவள். ஜீவராணிக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை. அம்மா கேட்டால் கீரைக்கு வதக்கிய வெங்காயத்தின் காரம் என்று சொல்லலாம்.

அழுது முடித்து, எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். விரிவுரைக் குரல், நிறுத்தம், "வெளங்குச்சுங்கய்யா", அவள் திரும்புகிறாள், சிரிப்பு, கூரை. பிறகு போன் தரையில் கிடந்தபடியே அம்மாவின் பேச்சு முழுவதும், கீழ் மலைக் கதை உட்பட. அழிக்கப் போன விரல் நின்றது.

"அம்மா, உன் சத்தமும் இதுல விழுந்துருச்சு. வெட்டாம அப்படியே போடவா? யாரு வேணும்னாலும் பார்ப்பாங்க. வெளிநாட்டுலகூட."

"ஐயய்யோ, ஊரு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். ஒனக்கு விருப்பமில்லாட்டிப் போட மாட்டேன்."

வெள்ளையம்மா அகப்பையோடு யோசித்தாள். "அந்தக் கார்மன்டுக்குப் போற புள்ளன்னு சொன்னியே, அதுக்கு ஒதவுமா?"

"தெரியலம்மா. ஒதவலாம்."

"அப்ப போடு. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்."

திங்கட்கிழமை வகுப்பில் ஜீவராணி மேடைப் பக்கம் போகவே இல்லை. திரையில் வீடியோவைப் போட்டுவிட்டு, பிள்ளைகளின் பெஞ்சில், ஜஸீல் என்கிற பையனைத் தள்ளி உட்காரச் சொல்லி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான்.

திரையில் மிஸ்ஸின் குரல் ஆணி அடித்தது. விளங்கிச்சா? வெளங்குச்சுங்கய்யா. யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தினார்கள். கீழ் மலைக் கதை வந்தபோது வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரிப்பதைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சிரித்தது. "அசல் பெரிய மாத்தயா" வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அது எங்க அம்மா" என்றாள் ஜீவராணி. விரிவுரைக் குரலை எடுக்கவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். "நானும் லயத்துலதான் பொறந்தேன். அத மறைக்கத்தான் இந்தக் குரல். இவ்வளவு நாளும் ஒங்களப் பெரட்டுல நிக்க வெச்சுட்டேன். நீங்களும் வெளங்குச்சுங்கய்யான்னுட்டு ஒருத்தர் பின்னால ஒருத்தர் கீழ் மலைக்குப் போயிட்டீங்க. தப்பு என்னோடது. இனி வெளங்குச்சான்னு நான் கேக்கவே மாட்டேன். ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். எந்த எடத்துல விட்டுப்போச்சு?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. வெளியே மேட்டில் ஒரு லொறி முக்கி முனகி ஏறிப் போனது. பேசிவிடு, பேசிவிடு என்று அவள் நாக்கு துடித்தது. நரைத்த தலை அம்மையாரை நினைத்துக்கொண்டு வாயை இறுக்கிப் பிடித்தாள். இது நடக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை போய்விடும். அது மட்டும்தான் அவள் மனதில் ஓடியது.

முன் வரிசையில் டிலுக்ஷி எழுந்து நின்றாள். நின்றவள் என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தபடியே, தன் கைகளைப் பார்த்துச் சொன்னாள்.

"மொத நாள்லருந்தே, மிஸ்."

அப்புறம் ஜஸீல், "எனக்கு ரெண்டாம் நாள்லருந்து மிஸ்" என்றான், ஏதோ தான் ஒருபடி மேல் என்பதுபோல. அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "அந்த எக்ஸுக்கு மேல ஒரு கோடு போடுறீங்களே மிஸ், அது என்னத்துக்கு?" "சிக்மான்னா என்ன மிஸ்?" "எனக்கும் வெளங்கல மிஸ்." "எனக்கும்." ஜீவராணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை மாதமாக அவளுக்கு யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

முதல் நாள் பாடத்திலிருந்தே தொடங்கினார்கள். வகுப்பு முடிகிற நேரம் டிலுக்ஷி தானாக வாயைத் திறந்தாள். "மிஸ், அன்னைக்குக் கேட்டீங்களே, சராசரி அம்பதுன்னா யாராவது அம்பது எடுத்திருக்கணுமான்னு. தேவையில்ல மிஸ். எங்க அம்மா பத்து லீற்றர் இறப்பர் பால் வெட்டிக் கொண்டாருவாங்க. பக்கத்து வீட்டு அக்கா நாலு. ஏழு லீற்றர் யாருமே கொண்டு வரல." சொல்லிவிட்டு, "சரியா மிஸ்?" என்று கேட்டாள்.

"சரி" என்றாள் ஜீவராணி. பத்து, நாலு, ஏழு என்று பலகையில் எழுதி வைத்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் ஸாஹிரா கூடவே வந்தாள். "அந்தப் புள்ள ரிபீட்டுக்குப் பேர் குடுத்துட்டு வந்துட்டுது ஜீவா. கார்மன்ட் கதையே இல்ல" என்று சொல்லி, ஜீவராணியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். வீடியோவை அப்படியே, ஒரு வெட்டு இல்லாமல் அனுப்பிவிட்டு, ஜீவராணி அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

"என்னா ராணி, புள்ளைங்களுக்கு வெளங்குச்சா?"

"இல்லம்மா!" சந்தோஷத்தில் கத்தினாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒருத்தருக்கும் ஒன்னும் வெளங்கலயாம்! எல்லாரும் வாயத் தொறந்து சொல்லிட்டாங்க! அந்தப் புள்ளயும் போகல!"

"ஏ முருகா! வெளங்கலங்கிறதுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

சொல்லிவிட்டு வெள்ளையம்மா பேசாமல் இருந்தாள். லயத்துக் கோழிச் சத்தம் மட்டும் போனில் கேட்டது. வேறு நாளாக இருந்தால் ஜீவராணி "என்னம்மா?" என்று இடையில் விழுந்திருப்பாள். இன்று காத்திருந்தாள்.

"ராணி."

"ம்."

"நீ அங்க என்னா படிச்சுக் குடுக்குற?"

இதை அவள் அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் வெள்ளையம்மா "ஆமா ஆமா, வெளங்குது" என்று தலையாட்டிவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். தோட்டம் பூராவும் "மக கெம்பசுல பெரிய கணக்கு படிச்சுக் குடுக்குது" என்று சொல்லித் திரிவாள். வேலை கிடைத்த நாளிலிருந்து மகளை 'டி' போட்டுக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

"ஒனக்கு எந்த எடத்துலம்மா விட்டுப்போச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள் ஜீவராணி.

"நீ மொத நாளு பள்ளிக்கூடம் போனதுலருந்துடி."

அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. ஏறுங்கள் ஏறுங்கள் என்று கொண்டக்டர் கத்தினான். போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஜீவராணி நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்ப அங்கேருந்தே சொல்றேன்" என்றாள். "உலைய எறக்கி வெச்சுட்டு வா."